கோபுரத்துக்கு சிமெண்ட் பூசினா என்ன தப்பு? பழைய சுண்ணாம்புக் காரை ஏன் இன்னும் தேவைப்படுது?

லால்குடி தாலுகாவில் இருக்கிற கல்லக்குடி என்றாலே 1953 போராட்டம்தான் நினைவுக்கு வரும். 'டால்மியாபுரம்' என்ற பெயர் வரக் காரணமான சிமெண்ட் ஆலை அங்கே 1939-ல் தொடங்கப்பட்டது. காரணம், அந்த மண்ணில் கிடைக்கிற சுண்ணாம்புக்கல்.

அந்தக் கல்லைக் களிமண் சேர்த்து சுமார் 1,450 டிகிரியில் சுட்டால் சிமெண்டுக்கான மூலப்பொருள் கிடைக்கும். தனியாக 900 டிகிரி அளவில் சுட்டால் சுண்ணாம்பு. நம்ம ஊர் பழைய கோபுரங்கள் நிற்பது இந்த இரண்டாவதில்தான். கீழே கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் காரையும், பொம்மைகள் சுதை.

காரை எப்படித் தயாராகுது?

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதை நாள்கணக்கில் ஊறவிட்டு, மணல் சேர்த்து அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரும் சேரும். பூசிய பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெதுவாக இழுத்து, திரும்பவும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறும்.

சிமெண்ட்தானே பலம்?

பலம்தான், சிக்கலே அதுதான்! காரைச் சுவர் மழையில் நனையும், வெயிலில் காயும். மேலே சிமெண்ட் பூசிட்டா, விரிசல் வழியா உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. உள்ளே செங்கல் உப்புப் பூத்து உதிரும். வெளியே பார்த்தா பளிச்சுன்னு இருக்கும்.

ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலில் 2015 கும்பாபிஷேகத்தை ஒட்டி, பாரம்பரிய முறையில் திருப்பணி நடந்தது. பழைய மழைநீர் வடிகாலும் மீட்கப்பட்டது. இதற்காக 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

விருது வந்ததோடு வேலை முடியலை. 2023 ஆகஸ்ட் 5 அதிகாலை, அதே கோயிலின் கிழக்கு வாசல் கோபுரத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

பெரிய கோயிலுக்காவது நிபுணர்கள் வருவாங்க. கிராமத்துக் கோயிலுக்கும் தாத்தா கட்டின வீட்டுக்கும் யார் வருவா? காரைக்கு நாள் பிடிக்கும், கூலி கூடும். சிமெண்ட் மூட்டை தெருமுனைக் கடையிலேயே கிடைக்குது. வேலை இல்லாததால் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனாரின் மகன் சிமெண்ட் வேலைக்கே போறார்.

உங்க வீட்டுப் பழைய சுவர் உதிர்ந்தா, பூசுறதுக்கு முன்னாடி ஒரு துண்டை எடுத்துப் பாருங்க. வெள்ளையா, நகத்தால் கீறினா பொடியா வந்தா பெரும்பாலும் அது காரைதான். கொத்தனார்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.