வேகம் குறையும் கணினி: பழுதா, பாதுகாப்பா?

விடுமுறைக்கு வீடு திரும்பும் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு பதவி எப்போதும் காத்திருக்கும். படிப்பது கட்டடவியலாக இருந்தாலும் சரி, இயந்திரவியலாக இருந்தாலும் சரி, வீட்டில் பழுதாகும் எல்லாப் பொருளுக்கும் நாம்தான் மருத்துவர்.

கடந்த பருவ விடுமுறையில் நான் பட்டர்வொர்த் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே தம்பி பிடித்துக்கொண்டான். "அக்கா, கேம் ஆரம்பிச்சு கால் மணி நேரம்கூட ஆகல, கம்ப்யூட்டர் நொண்டுது. கடையில காட்டினேன். பிராசசர் முடிஞ்சு போச்சு, புதுசு மாத்தணும்னு சொல்லிட்டாங்க."

புதிய செயலிக்குக் கடையில் கேட்ட விலை 650 ரிங்கிட். வார இறுதிகளில் உணவுக்கடையில் வேலை செய்து தம்பி சேர்த்து வைத்திருந்ததோ 700 ரிங்கிட். எஸ்டிபிஎம் முடித்துப் பல்கலைக்கழகம் போகும்போது கைச்செலவுக்கு ஆகட்டும் என்று சேர்த்த பணம் அது. அதைக் காப்பாற்றிய கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதில் வரும் சோதனைகள் உங்கள் வீட்டு மேசைக் கணினிக்கும் பொருந்தும்.

முதலில் நான் செய்த தவறு

கணினி மெதுவானால் நச்சுநிரல்தான் காரணம் என்பது பலருடைய எண்ணம். என் எண்ணமும் அதுவே. இயங்குதளத்தை முழுவதுமாக அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். ஒரு நாள் போனது. குறிப்புகள் எல்லாம் பென்டிரைவில் இருப்பதாகத் தம்பி சொல்லியிருந்தான். பிறகு பார்த்தால் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியை நான் அழித்துவிட்டேன். அப்படியும் விளையாட்டு அதே கால் மணி நேரத்தில் தடுமாறியது.

வழி காட்டியவர் அம்மா. அவர் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கில்தான் அமைத்தது. அந்தக் காலந்தொட்டு எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அம்மாவைப் போல ஒருவர் இருக்கிறார். சில்லுகளைச் சூடான அறையில் பல மணி நேரம் ஓடவிட்டுச் சோதிப்பது ஒரு வழக்கமான முறை. குறையுள்ளவை அங்கேயே செயலிழந்துவிடும். "அதையெல்லாம் தாண்டி வந்து இத்தனை வருஷம் ஓடியிருக்கு. சும்மா சாகாது. சூட்டைப் பாரும்மா," என்றார்.

செயலி ஏன் வேகத்தைக் குறைக்கிறது?

செயலி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. அது இயங்குவதற்குச் செலவாகும் மின்திறன், அதன் வேகத்திற்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் ஏற்ப உயர்கிறது. வேகம் கூட வேண்டுமானால் மின்னழுத்தமும் கூட வேண்டும். ஆகவே சிறிது வேகத்திற்குப் பெரிய விலை கொடுக்கிறோம்.

இதன் மறுபக்கம்தான் நமக்கு முக்கியம். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு குறைத்தால் 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.73 ஆகிறது. பத்து விழுக்காடு வேகத்தை விட்டுக்கொடுத்தால் அந்த வெப்பத்தில் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைகிறது. செயலியின் உள்ளே வெப்ப உணரிகள் உள்ளன. வெப்பம் வரம்பைத் தொட்டதும் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. மேசைக் கணினிச் செயலிகள் பலவற்றில் இந்த வரம்பு 90 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். ஆக, வேகக் குறைவு நோயன்று. காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி.

அளந்து பார்த்தல்

தடுமாற்றத்துக்குச் செயலிதான் காரணமா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். விளையாட்டின் திரைத் துல்லியத்தைக் குறைத்துப் பாருங்கள். காட்சிகள் சரளமாக ஓடத் தொடங்கினால் திணறுவது வரைகலை அட்டை. மாற்றமே இல்லையென்றால் செயலியைச் சந்தேகிக்கலாம். தம்பியின் கணினியில் மாற்றமே இல்லை.

அடுத்து, எச்டபிள்யூஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருளை நிறுவி, விளையாடும்போதே வெப்பநிலை, வேகம், மின்திறன் மூன்றையும் பதிவு செய்தோம். அவனுடைய செயலியின் அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ்; எல்லாக் கருக்களும் இயங்கும்போது 4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். விளையாடத் தொடங்கிய ஒரு நிமிடத்தில் 88 டிகிரி. பன்னிரண்டாவது நிமிடத்தில் 100 டிகிரி. அதன் பிறகு வேகம் 2.4-க்கும் 3-க்கும் இடையே தள்ளாடியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 4-லிருந்து 2.9-க்கு இறங்குவது மட்டுமே பழுதாகாது, 2.9-க்கு மேல் கிடைப்பதெல்லாம் சூழ்நிலை இடம் கொடுத்தால் கிடைக்கும் கூடுதல் வேகம்தான். கடினமான வேலையின் நடுவே அடிப்படை வேகத்துக்கும் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்று காரணங்கள்

வெப்பநிலை வரம்பைத் தொட்ட பிறகு வேகம் குறைந்தால் காரணம் வெப்பம். வெப்பநிலை 70 டிகிரியளவில் இருக்கும்போதே, பளு ஏறிய சில வினாடிகளில் வேகம் இறங்கி ஒரே அளவில் நின்றால் காரணம் மின்திறன் வரம்பு. தம்பியின் செயலிக்கு நீண்ட நேர வரம்பு 65 வாட். சிறிது நேரத்துக்கு மட்டும் அதைத் தாண்டலாம். இது பழுதன்று, வடிவமைப்பே அப்படித்தான்.

செயலி குளிர்ச்சியாக இருந்தும் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸில் சிக்கிக்கொண்டால் காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கும். தாய்ப்பலகையில் மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி சூடேறி, வேகத்தைக் குறைக்கும்படி செயலிக்குச் சைகை அனுப்பலாம். அல்லது இயங்குதளத்தின் மின்சேமிப்பு அமைப்பில், செயலியின் உச்ச நிலை நூறு விழுக்காட்டுக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கலாம்.

எங்கள் பதிவில் ஐயத்திற்கே இடமில்லை. காரணம் வெப்பம்தான். ஆனால் வெப்பம் ஏன் வெளியேறவில்லை?

திறந்து பார்த்தல்

இந்த முறை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று முடிவு செய்தேன். முதலில் தூசு. கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, இயக்கும் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினோம். உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னையும் நீக்கிக்கொண்டோம். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடைத்தோம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்கம்பியைக் கழற்றிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

தூசு போனது, வெப்பநிலை மூன்று டிகிரிதான் குறைந்தது. அடுத்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை மின்விசிறியை எதிரே வைத்தோம். கால் மணியில் வந்த தடுமாற்றம் அரை மணியில் வந்தது. காற்றோட்டம் உதவியது, ஆனால் முழுக் காரணம் அதுவன்று. அப்படியென்றால் செயலியிலிருந்து வெப்பம் குளிர்விப்பானுக்கே சரியாகப் போகவில்லை என்று பொருள்.

குளிர்விப்பானை மெல்ல அசைத்துப் பார்த்தேன். அசைந்தது! அதைத் தாய்ப்பலகையோடு பிணைக்கும் நான்கு நெகிழி முளைகளில் ஒன்று துளையை விட்டு வெளியே வந்திருந்தது. கழற்றிப் பார்த்தபோது இடையில் பூசியிருந்த வெப்பக் களிம்பு காய்ந்து, ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. உலோகப் பரப்புகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்புவதே களிம்பின் வேலை. தொடர்பு விட்டுப்போனால் அங்கே காற்று புகும். காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும்.

பழைய களிம்பை ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தோம். பட்டாணி அளவு புதுக்களிம்பை நடுவில் வைத்து, முளைகளை எதிரெதிர் மூலைகளாக, 'டிக்' என்ற ஓசை கேட்கும் வரை அழுத்தினோம். செலவு 18 ரிங்கிட். அன்று இரவு தம்பி இரண்டு மணி நேரம் விளையாடினான். 74 டிகிரி, வேகம் 4 கிகாஹெர்ட்ஸ், ஒரு தடுமாற்றமும் இல்லை.

கேட்காமல் விட்ட கேள்வி

எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டேன்: "இது எப்போலருந்துடா இப்படி?"

"வீடு மாறினோம்ல, அதுக்கப்புறம்தான் அக்கா. லோரியில படுக்க வச்சுக் கொண்டு வந்தோம்."

முதல் நாளே இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும், குறிப்புகளும் தப்பியிருக்கும். இன்று தம்பியின் 700 ரிங்கிட் வங்கியில் பத்திரமாக இருக்கிறது. அழிந்துபோன குறிப்புகளை அவன் நண்பனிடம் இரவல் வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறான். அதில் நாள்தோறும் இரண்டு பக்கம் எழுதித் தருவது என் தண்டனை.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்களிடமும் ஒரு கணினி கொண்டு வரப்படும். முதலில், எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். பிறகு அளந்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எதையும் அழிப்பதற்கு முன் படி எடுத்து, அந்தப் படியைத் திறந்து சரிபாருங்கள். பணப்பையை எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியாக இருக்கட்டும்.