தூக்குவது வேறு, தாங்குவது வேறு



போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை முந்தலில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று போடிமெட்டுக்கு ஏறுகிறது. மற்றொன்று குரங்கணிக்குச் செல்கிறது. பளுவை ஏற்றுவதும் இறக்குவதும் இம்மலையடிவாரத்தின் பழந்தொழில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் உச்சியிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இப்பக்கம் இறங்கியது. இன்று ஜீப்புகளும் பிக்-அப் வண்டிகளும் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் உரமூட்டைகளையும் ஏற்றிச் செல்கின்றன. சக்கரம் மாற்றுதல், பிரேக்கைச் சோதித்தல் முதலிய சிறு பணிகளை வண்டிக்காரர்கள் தம் வீட்டு வாசலிலேயே செய்துகொள்வதுண்டு. அதற்கு வண்டியைத் தூக்கியாக வேண்டும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் குரங்கணியில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒருவர் தம் பழைய ஜீப்பின் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் உயர்த்தினார். கைபிரேக்கை இழுத்திருந்தார், கியரும் போட்டிருந்தார். சக்கரம் தரையை விட்டு எழுந்ததுதான் தாமதம், வண்டி மெல்ல நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது, வண்டி தடாலென்று விழுந்தது. இன்னும் ஒரு நிமிஷம் கழிந்திருந்தால் அவர் அதன் அடியில் படுத்திருப்பார். பிரேக் பழுதா என்று பார்த்தோம். இல்லை, அது செம்மையாகவே இருந்தது. பின் வண்டி ஏன் நகர்ந்தது?

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் மிகுந்த தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இதற்கு இடந்தருவதே பின்னச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு. எஞ்சின் சக்தியை அதற்குக் கொண்டுவரும் நீளத் தண்டைப் பிடித்து நிறுத்தினாலும், ஒரு சக்கரம் முன்னோக்கிச் சுழல, மற்றது அதே அளவு பின்னோக்கிச் சுழல முடியும். பழைய ஜீப்புகளில் கைபிரேக் பிடிப்பது அந்தத் தண்டையே, சக்கரங்களை அன்று. கியரின் பிடிப்பும் அத்தகையதே. இரண்டு சக்கரங்களும் தரையில் இருக்கும்வரை பிடி நிற்கும். ஒன்று அந்தரத்தில் எழுந்தால் அது எதிர்த்திசையில் சுழலும். தரையிலுள்ளது தாராளமாக உருளும். இக்காலத்துப் பிக்-அப் வண்டிகளில் பெரும்பாலும் கைபிரேக் பின்சக்கரங்களையே நேராகப் பற்றுகிறது. ஆனால் இரு பின்சக்கரங்களையும் தூக்கிவிட்டால், அந்தப் பிடியால் என்ன பயன்?

ஆகவே முதல் விதி: தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்புக்கட்டை வைக்க வேண்டும். சமமான, கெட்டியான தரையாகவும் இருக்க வேண்டும். பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் 1,500 கிலோ எடையுள்ள வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். அத்தகைய இடத்தில் தூக்காமலிருப்பதே அறிவுடைமை.

இனி ஜாக்கியைப் பார்ப்போம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. அதைக்கொண்டு 1795-இல் பிராமா என்ற ஆங்கிலேயர் நீரழுத்த எந்திரத்துக்கு உரிமை பெற்றார். எண்ணெய் ஜாக்கியின் தத்துவமும் அதுவே. சிறு பிஸ்டனின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், பெரியதன் பரப்பு 20 என்று கொள்வோம். சிறியதில் 50 கிலோ பளு அழுத்தினால் பெரியது 1,000 கிலோவைத் தூக்கும். கைப்பிடி நெம்புகோலாகிப் பத்து மடங்கு உதவினால் நம் கை தர வேண்டியது 5 கிலோ பளுவே. ஆனால் அந்த 1,000 கிலோ நிற்பது எண்ணெயின்மீது; அந்த எண்ணெயைக் காப்பது ஒரு சிறு ரப்பர் வளையம். அது தேய்ந்தால் எண்ணெய் கசியும்; வண்டி இறங்கும். ஜாக்கி தூக்குவதற்கே, தாங்குவதற்கு அன்று.

இனி செய்முறை. சக்கரத்தைக் கழற்றுவதாயின், அது தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்துக. தரை இளகியதாயின் ஜாக்கியின் கீழ் அகன்ற, தடித்த பலகை இடுக. வண்டிக் குறிப்பேடு காட்டும் இடத்தில், அச்சிலோ சட்டத்திலோ ஜாக்கியைப் பொருத்துக. தகட்டிலோ எண்ணெய்த் தொட்டியிலோ வேண்டா. உயர்த்தியதும் பளுவுக்கேற்ற இரும்பு ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுத்து, வண்டியை அவற்றின்மேல் இறக்குக. செங்கலும் சிமெண்டுக் கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும், அவை ஆகா. பின்னர் வண்டியைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையாதிருந்தால்தான் அடியில் செல்லலாம். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்தின் கீழ்க் கிடத்துவது மற்றுமொரு காவல். துணைக்கு ஒருவர் அருகில் இருக்கட்டும். குழந்தைகள் விலகி நிற்கட்டும். வேலை முடிந்தபின் வண்டியைத் தரையில் இறக்கி, நட்டுகளை எதிரெதிராக முடுக்குக.

மலைச்சாலையில் வண்டி பழுதானால் கட்டைக்குப் பதில் கல்லை வைப்பார்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் புறப்படும்போது அக்கல்லை நடுச்சாலையில் விட்டுச் செல்வோர் பலர். இருளில் வளைவு திரும்பும் மற்றொரு வண்டிக்கு அதுவே எமனாகும். நம்மைக் காத்த கல்லை ஓரத்தில் எடுத்துப் போட்டுவிட்டுப் புறப்படுவோம்; வேலை அப்போதுதான் முடிகிறது.