சோக் கம்பி சொல்லும் சேதி

உதகமண்டலத்தில் ஜனவரி மாத விடியற்காலை. புல்வெளியில் உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடக்கிறது. வாசலில் நிற்கும் பழைய மாருதி 800-இல் சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, இன்ஜினும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் நிலைக்கவில்லை. குலுங்குகிறது, தும்முகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் மூச்சு முட்டி அணைகிறது. பத்து நிமிடம் போராடிய பிறகு, அதே வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் தொட்டபெட்டா ஏறுகிறது.

இந்த நோயின் தொல்லையே அதுதான். ஒர்க்‌ஷாப் திறப்பது ஒன்பது மணிக்கு. வண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடும். நோய் காணாமல் போய்விடும். மெக்கானிக்கும் வேறு வழியில்லாமல், “கார்புரேட்டரைக் கழற்றி கிளீன் பண்ணிடலாம் சார்” என்பார். சில சமயம் அது பலிக்கும். பல சமயம் மறுநாள் காலை பழைய கதைதான். ஆகவே இந்தச் சோதனையை வண்டிக்காரரே, வண்டி நின்ற இடத்திலேயே, விடியற்காலையில் செய்வது நல்லது. அதற்கு வேண்டிய கருவி டேஷ்போர்டுக்குக் கீழேயே இருக்கிறது: சோக் கம்பி.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். சூடான இன்ஜினில் இந்தக் கணக்கு சரியாக வரும். குளிர்ந்த இன்ஜினிலோ பெட்ரோலில் ஒரு பகுதிதான் ஆவியாகிறது. மிச்சம் மேனிஃபோல்டு சுவரில் துளித்துளியாக ஒட்டிக்கொள்கிறது. கார்புரேட்டர் சரியாக அளந்து கொடுத்தாலும் சிலிண்டருக்குப் போய்ச் சேர்வது வெறுங்காற்று மிகுந்த மெலிந்த கலவை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சோக். கம்பியை இழுத்தால் கார்புரேட்டரின் வாயில் ஒரு தகடு மூடிக்கொள்ளும், காற்று குறையும், இன்ஜினின் உறிஞ்சல் முழுவதும் ஜெட் பக்கம் திரும்பி, பெட்ரோல் கூடுதலாக வரும். எஸ்.யூ. கார்புரேட்டர் பூட்டிய பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இந்தத் தகடே கிடையாது. அங்கே கம்பியை இழுத்தால் ஜெட் கீழே இறங்கி வழிவிடும். வேலை ஒன்றுதான். இன்றைய கார்களில் சென்சாரும் கணினியும் போடும் கணக்கை அன்றைக்கு ஓட்டுநரின் இடது கையோ வலது கையோ போட்டுக்கொண்டிருந்தது.

முதலில் அந்தத் தகடு உண்மையிலேயே மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏர் கிளீனர் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் கம்பியை முழுதாக இழுக்க, இன்னொருவர் எட்டிப் பார்த்தால் போதும். கேபிள் தொய்ந்து தகடு முக்கால்வாசிதான் மூடும் வண்டிகள் நிறைய. ஸ்க்ரூவைத் தளர்த்தி கேபிளை இழுத்துக் கட்டினால் தீர்ந்தது. இதற்கா ஆயிரக்கணக்கில் செலவழித்தோம் என்று நொந்துகொண்டவர்கள் உண்டு.

தகடு ஒழுங்காக மூடுகிறது என்றால் அடுத்த கேள்வி: சோக்கைக் கூட்டிக் குறைக்கும்போது இன்ஜின் என்ன சொல்கிறது?

இழுத்தால் சீராக ஓடி, தள்ளினால் உடனே திணறினால், அதுவும் இன்ஜின் ஓரளவு சூடான பிறகும் அப்படியே நீடித்தால், எங்கிருந்தோ கள்ளக் காற்று உள்ளே போகிறது, அல்லது ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட், மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடம், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்குவம் டியூப் ஆகியவைதான் சந்தேகப் பட்டியலில் முதலில் வருபவை. விரல் நீள ரப்பர் டியூபில் மயிரிழை வெடிப்பு போதும். இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது இணைப்புகளின் மேல் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சினால், ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வீரர்கள் உண்டு. தீப்பிடிக்க அதைவிடச் சுருக்கு வழி இல்லை.

சோக்கை இழுக்க இழுக்க மோசமாகி, பின்னால் கறும்புகையும் பெட்ரோல் வாசனையும் வந்தால் கதை தலைகீழ்: கலவை ஏற்கெனவே கெட்டியாக இருக்கிறது. மிதவையின் ஊசி வால்வு சரியாக அடைக்காமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கலாம். மலைக்கென்று தனியாக ஒரு காரணமும் உண்டு. சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயம்புத்தூரில் டியூன் செய்த வண்டி, சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் உதகைக்கு ஏறும்போது காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. பழைய பழக்கத்தில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். சமவெளியில் இழுக்கும் அளவு சோக்கை அங்கேயும் இழுத்தால் பிளக் நனைந்துதான் போகும்.

மூன்றாவது வகை, சோக்கை என்ன செய்தாலும் மாறாத குலுக்கல். ஒரே தாளத்தில் மிஸ்ஸிங் அடிக்கும். கார்புரேட்டரைத் தொடாமல் இக்னிஷன் பக்கம் திரும்ப வேண்டிய இடம் இது. மூன்று சிலிண்டர் மாருதியில் ஒன்று படுத்தால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுவதால் நடுக்கம் நன்றாகவே தெரியும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி பதில் கிடைக்கும்: இளம் பழுப்பு நல்லது, காய்ந்த கரி என்றால் கலவை கெட்டி, வெளுத்திருந்தால் மெலிவு, பெட்ரோலில் ஊறியிருந்தால் பொறியே விழவில்லை. பழைய வண்டிகளில் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தேய்ந்து, கருகி, இடைவெளி மாறினால் குளிரில் பொறி பலவீனமாகும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் இறங்குவதும் சேர்ந்துகொள்ளும். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட விட்டுப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய உத்தி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம் படிந்திருந்தாலோ பிளக் வயர் வெடித்திருந்தாலோ நீலப் பொறி அங்கங்கே தாவுவது கண்ணுக்கே தெரியும். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சோக் இழுத்த இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். மூடிய ஷெட்டில் ஆளையே கொல்லும்.

இவை எதிலும் சேராத ஒன்று இருக்கிறது. வண்டி அழகாகக் கிளம்பும். சோக்கைத் தள்ளிவிட்டு நாலைந்து நிமிடம் ஓட்டியிருப்போம். மூடுபனிக்குள் நுழைந்ததும் வேகம் குறையும், திணறும், நிற்கும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருப்பதுபோல. வெளியே பத்து டிகிரி இருந்தாலும் கார்புரேட்டரின் தொண்டை உறைநிலைக்குக் கீழே போய்விடும். ஈரக்காற்று அங்கேயே பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். இதைத் தடுக்கத்தான் பல பழைய வண்டிகளின் ஏர் கிளீனரில் எக்ஸாஸ்ட் அருகிலிருந்து சூடான காற்றை இழுக்கும் குழாய் வைத்தார்கள். நம் ஊர்ச் சூட்டில் தேவையில்லை என்று எப்போதோ கழற்றி எறியப்பட்ட உதிரி அது. இப்போது பெட்ரோலில் எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. 2022-இல் பத்து சதவீதமாக இருந்த கலப்பு 2025-இல் இருபதை எட்டியது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் எத்தனால் ஆவியாக இரண்டு மடங்குக்கும் அதிகமான வெப்பம் வேண்டும். கலவையையும் அது சற்று மெலியச் செய்யும்.

நின்ற வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஆளை அனுப்பி மெக்கானிக்கைக் கூட்டிவரக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் இன்ஜினின் சூடு மேலேறிப் பனிக்கட்டியைக் கரைத்திருக்கும். அவர் வந்து ஏர் கிளீனரைத் திறப்பார்; உள்ளே ஒன்றுமே இருக்காது. சாவியைத் திருப்புவார், வண்டி முதல் அடியிலேயே கிளம்பும்.