மூன்றாவது சுற்று

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குத்தான் எங்கள் வீட்டில் முதல் சண்டை வரும். இந்த முறை வரவில்லை. அண்ணன் மகள் ஏறியதுமே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் புத்தகத்தைப் பிரித்துவிட்டாள். ‘சைலர் மூன்’ என்கிற ஜப்பானிய மங்கா. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டுமாம். முன்னட்டை என்று நான் எட்டிப் பார்த்தது பின்னட்டை.

வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் பழைய நுழைவு வளைவு வந்தது. “கண்ணு, இதுதான் அந்தக் காலத்துல…” என்று ஆரம்பித்தேன். அவள் தலை நிமிரவில்லை. மலைப்பாதை தொடங்கி, இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பஸ் முக்கித் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“சித்தப்பா, வில்லன் அதுக்குள்ள செத்துட்டான். பேரைத் தவிர இவனப் பத்தி ஒண்ணுமே சொல்லல!”

ஏற்காட்டுப் பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். மீதி 18 வளைவும் அந்தச் சில்லறை வில்லனுக்கே போய்விட்டது.

அவன் பெயர் நெஃப்ரைட். நவோகோ டகேயுச்சி 1991 கடைசியில் எழுதி வரையத் தொடங்கிய கதை இது. உசாகி என்ற அழுமூஞ்சிப் பள்ளி மாணவிக்குப் பேசும் பூனை ஒன்று வந்து சேர்கிறது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் சீருடை மாறுகிறது, கையில் சக்தி வருகிறது. ஜப்பானில் இதை மாயச் சிறுமிக் கதை என்று தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். எதிர்த்தரப்பில் பெரில் என்ற ராணி. அவளுக்கு நான்கு தளபதிகள், நால்வருக்கும் ஏதாவது ஒரு கல்லின் பெயர். நெஃப்ரைட் அவர்களில் இரண்டாமவன். மங்காவில் அவன் ஆயுசு சில பக்கங்கள்தான். சைலர் ஜூப்பிட்டர் என்ற புதுப் பெண் கதைக்குள் வருகிற அதே அத்தியாயத்தில் அவள் கையால் முடிந்துபோகிறான். நான்கு பேரும் ஒரு காலத்தில் நல்ல இளவரசன் ஒருவனுக்கு மெய்க்காவலர்களாக இருந்தவர்கள், மனம் திரிக்கப்பட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவருகிறது. அடித்துப் போட்ட பிறகு ஆள் யார் என்று விசாரிப்பது மாதிரி.

ஆனால் 1992இல் இதே கதை தொலைக்காட்சித் தொடரானபோது நெஃப்ரைட்டுக்கு வேறு ஜாதகம் எழுதினார்கள். பணக்கார இளைஞனாக வேஷம் போட்டுத் திரிகிறான். உசாகியின் தோழி நாரு அவனிடம் மனதைக் கொடுத்துவிடுகிறாள். அவளை வைத்தே காரியம் சாதிக்கப் பார்க்கிறான். அவன் யார் என்று தெரிந்த பிறகும் அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கைதான் அவனைக் குழப்புகிறது. கடைசியில் அவளைக் காப்பாற்றப் போய், தன் கூட்டத்தாரின் முள்கொடி குத்திச் சாகிறான். சேர்ந்து சாக்லேட் பர்ஃபே சாப்பிடப் போகலாம் என்று அவள் கேட்டிருந்தாள். அதற்கு வர முடியாமல் போகிறதே என்பதுதான் அவனுடைய கடைசிப் பேச்சு. பர்ஃபே என்றால் உயரக் கண்ணாடி டம்ளரில் ஐஸ்கிரீமை அடுக்கடுக்காக வைத்துத் தருவது. உலகத்தையே பிடிக்க வந்தவன் ஐஸ்கிரீமுக்காக வருத்தப்பட்டுச் சாகிறான். அந்தக் காட்சியை அண்ணன் மகள் சொல்லச் சொல்ல, எனக்கே தொண்டையை என்னவோ செய்தது. முன்சீட்டுப் பாட்டி திரும்பிப் பார்த்தார்.

அதே பெயர், அதே முடி, அதே ராணி. மங்காவில் அட்டைப் பொம்மை, திரையில் மனிதன். வித்தியாசம் அவனிடம் இல்லை, அவன் பக்கத்தில் ஒரு பெண் நின்றாளா இல்லையா என்பதில் இருக்கிறது. சில்லறை வில்லனுக்குக் குணம் அவன் செய்யும் அட்டூழியத்தால் வருவதில்லை. தன்னை நம்புகிற ஒருத்தியை அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் வருகிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஜப்பான் இல்லை. கீழே கடந்து வந்தோமே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு.

“நம்ம ஊர்லயும் இப்படி ஒருத்தன் இருக்கான், தெரியுமா?” என்றேன். புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடினாள். பாதி ஜெயித்த மாதிரி.

‘மந்திரி குமாரி’, 1950. டி.ஆர். சுந்தரம் நடத்திய சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் படம். இயக்கியவர்கள் தமிழ் தெரியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும். வசனம் மு. கருணாநிதி, அப்போது வயது 26. நாயகன் எம்.ஜி.ஆர்., தளபதி வீரமோகன். பெரிய வில்லன் எம்.என். நம்பியார், ராஜகுருவாக வந்து அரசனையே கைக்குள் வைத்திருக்கிறார். இவர்களுக்கு நடுவில் ராஜகுருவின் மகன் பார்த்திபன். நடித்தவர் எஸ்.ஏ. நடராஜன். படத்தின் பேரைச் சொன்னால் இன்றும் எம்.ஜி.ஆர். முகத்துக்கு முன்னால் எனக்கு இந்த ஆளின் முகம்தான் வருகிறது.

அவன் கதை சிக்கலானதில்லை. மகனைத் தளபதியாக்க அப்பா ஆசைப்படுகிறார். பதவி வீரமோகனுக்குப் போகிறது. மகன் கொள்ளைக்காரன் ஆகிறான். இதை மனக்குறையால் கெட்டவன் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கொள்ளையை விட்டுவிடு என்று அப்பா சொல்லும் இடத்தில், அது ஒரு கலை என்று பார்த்திபன் பேசுகிறான். அந்தக் காலத்தில் கொட்டகை அதிரக் கைதட்டு வாங்கிய வசனம் அது. கைதட்டலை ஒதுக்கிவிட்டு யோசித்துப் பாருங்கள். பசிக்குத் திருடுகிறவன் அதைத் தொழில் என்பான், இல்லாவிட்டால் தலையெழுத்து என்பான். கலை என்று சொல்ல வேண்டுமென்றால் வீட்டில் சோறு இருக்க வேண்டும். பார்த்திபனுக்கு நகையும் வேண்டாம், நெல்லும் வேண்டாம். தன் கைத்திறமையைப் பார்த்து நாடு நடுங்க வேண்டும். தளபதிப் பதவி கிடைத்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பான், சம்பளத்தோடு.

இளவரசிக்கு அவன் அனுப்பும் அழைப்பு, கை தவறி மந்திரி மகள் அமுதவல்லிக்குப் போய்விடுகிறது. மாதுரி தேவி நடித்த பாத்திரம். அவள் வருகிறாள், மனதைக் கொடுக்கிறாள். இவனும் ஏற்றுக்கொள்கிறான். எதிர்பார்த்தவள் வேறு, வந்தவள் வேறு என்பதில் அவனுக்கு உறுத்தலே இல்லை. பிறகு வீரமோகனிடம் மாட்டிக்கொண்டு விசாரணையில் நிற்கும்போது, அமுதவல்லி தேவி சிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தேவியே பேசுவது போல, இவன் குற்றமற்றவன் என்று சொல்கிறாள். மந்திரி மகள், தெய்வத்தின் பேரில், அவனுக்காக ஒரு பொய். அவன் விடுதலையாகிறான், அவளை மணக்கிறான், மறுபடி கொள்ளைக்குப் போகிறான். ஒரு தடவைகூட ‘இவள் எனக்காக எதற்குத் துணிந்தாள்’ என்று அவன் நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. சிலைக்குப் பின்னாலிருந்து அவள் பேசியதை அவள் துணிச்சல் என்று அவன் எடுத்துக்கொள்ளவில்லை. தன் கவர்ச்சி என்று எடுத்துக்கொண்டான். அவன் நோய் கொடூரம் இல்லை, இதுதான்.

நெஃப்ரைட்டுக்கு நாருவின் நம்பிக்கை புரியாத கணக்காக இருந்தது, அதனால் அவன் மாறினான். பார்த்திபனுக்கு அமுதவல்லியின் நம்பிக்கை வரவேண்டிய பாக்கியாகத் தெரிந்தது, அதனால் மாறவில்லை.

பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் காது அடைத்துக்கொண்டது. அவள் எச்சில் விழுங்கிவிட்டு, “அப்புறம்?” என்றாள்.

அப்புறம்தான் அந்த மலை. கணவனின் இரவு வேலை என்ன என்று அமுதவல்லி பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடிக்கிறாள். அவளை முடிக்க அவன் மலையுச்சிக்குக் கூட்டிப் போகிறான், பாட்டுப் பாடிக்கொண்டு. எந்தப் பாட்டு என்று நான் சொல்லத் தேவையில்லை. ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. கதை தெரியாமல் கேட்டால் தேனிலவுப் பாட்டு. ஏற்காட்டில்தான் அதை எடுத்தார்கள் என்று சேலத்துக்காரர்கள் சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். எந்தப் பாறை என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள்.

கொல்லப் போகிறவன் எதற்குப் பாட வேண்டும்? பாடிக்கொண்டே போகும்போது பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியிருந்தால் வேலை முடிந்தது. அவன் தள்ளவில்லை. உச்சிக்குப் போய், நிறுத்தி, உன்னைக் கொல்லத்தான் கூட்டி வந்தேன் என்று சொல்கிறான். கலைஞனாயிற்றே, ரசிகர் வேண்டும். அவள் முகத்தில் பயம் தெரிவதைப் பார்த்தாக வேண்டும். அந்த மலையுச்சியில் அவனுக்குக் கைதட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

அவள் கைதட்டலைவிடப் பெரியதாக ஒன்றைக் கொடுக்கிறாள். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம் வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறாள். அவன் சம்மதிக்கிறான். அந்தச் சம்மதம்தான் மொத்தப் பாத்திரமும். வேறு எந்தக் கொலைகாரனாக இருந்தாலும் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்திருக்கும். இவனுக்கு வரவில்லை. ஏனென்றால் அவள் கேட்டது, ரொம்ப நாளாக அவன் மனதுக்குள் தனக்குத் தானே நடத்திக்கொண்டிருந்த பூஜை. கருவறைச் சாமி, சுற்றி வருகிறவர் யார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் சுற்றில் அவன் கணவன். இரண்டாவது சுற்றில் சிலை. மூன்றாவது சுற்றில் அவனுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்க வேண்டும். அவள் கை அங்கேதான் பட்டது.

“செம!” என்றாள் என் அண்ணன் மகள். “ஆனா அவகிட்ட பவர் எதுவும் இல்லையே சித்தப்பா. டிரான்ஸ்ஃபார்மேஷன் இல்ல, வாண்டு இல்ல.”

இருந்தது. படத்தில் இல்லை, மூலக்கதையில். கருணாநிதி எடுத்துக்கொண்டது ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி. நாதகுத்தனார் பாடிய பௌத்த நூல். இன்று கையில் இருப்பது 19 பாடல்கள்தான். கதையைப் பிற நூல்களின் உரைகளும் பாலி நூல்களும் காப்பாற்றி வைத்திருக்கின்றன. பாலி மரபில் அந்தத் திருடன் பெயர் சத்துகன். அரண்மனைப் புரோகிதரின் மகன்! அவனைக் கொலைக்களத்துக்குக் கூட்டிப் போகும்போது பத்திரை என்ற பெண் ஜன்னல் வழியாகப் பார்த்து மயங்குகிறாள், அப்பாவைக் கொண்டு மீட்கிறாள், மணக்கிறாள். அவன் கண் அவள் நகைமேல். மலைத் தெய்வத்துக்கு வேண்டுதல் என்று சொல்லி உச்சிக்கு அழைத்துப் போகிறான். கடைசியாக ஒருமுறை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் கேட்டதாக ஒரு வழக்கு, வலம்வர வேண்டும் என்று கேட்டதாக இன்னொரு வழக்கு. எப்படியோ, விழுந்தது அவன்.

சத்துகன் எனக்குச் சுவாரசியமானவன் இல்லை. நகைக்காகக் கொலை, அவ்வளவுதான். அந்தப் பேராசையை எடுத்துவிட்டு அங்கே தற்பெருமையை வைத்ததுதான் 26 வயது வசனகர்த்தா செய்த வேலை. (பேராசைக்கு ஆள் வேண்டுமென்றால் அதே மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இருக்கிறது, 1956. அண்ணன் காசிம், எம்.ஜி. சக்கரபாணி. குகைக்குள் தங்கத்தைப் பார்த்த பரவசத்தில் வெளியே வர வேண்டிய மந்திரச் சொல்லையே மறந்துபோகிறவன். அவனும் சின்ன வில்லன்தான், ஆனால் ஒரே வரியில் முடிந்துவிடுகிறவன்.)

பத்திரையின் கதை மலையோடு முடிவதில்லை. அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. சமணத் துறவிகளோடு சேர்கிறாள். அவர்கள் தலைமுடியைப் பறித்தெடுக்கிறார்கள். மறுபடி முளைத்த முடி சுருள் சுருளாக, காதுக் குண்டலம் போல வளர்கிறது. பெயரே குண்டலகேசி ஆகிவிடுகிறது. பிறகு ஊர் ஊராகப் போய், ஊர் வாசலில் மணலைக் குவித்து அதில் நாவல் கிளை ஒன்றை நட்டு வைப்பாள். என்னோடு வாதம் செய்யத் துணிந்தவர் யாரோ அவர் இதை மிதிக்கட்டும் என்று அதற்கு அர்த்தம். வெகுநாள் யாரும் மிதிக்கவில்லை. புத்தரின் சீடர் சாரிபுத்தர் வந்து மிதிக்க வைத்தார், வாதத்தில் வென்றார், அவள் பிக்குணியானாள்.

“நாவல் கிளை!” அவள் சிரித்தாள். “அதான் வாண்டு. முடி மாறுச்சுல்ல, அதான் டிரான்ஸ்ஃபார்மேஷன்.” நான் ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்வது, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலையின் உச்சி, 1,600 மீட்டருக்கு மேல். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுமலைக் கிராமங்களின் மலையாளிப் பழங்குடி மக்களெல்லாம் திரளுகிற இடம், அன்று பத்துப் பேர்கூட இல்லை. குகைக்குள் குனிந்து போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே இருக்கிறார்கள். முதுகை மலையோடு ஒட்டி வைத்திருக்கிறார் சாமி. பின்னால் போக வழியில்லை. இவள் என் காதருகே வந்து, “உஷாரான சாமி” என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு விபூதி வாங்கினேன்.

சாயங்காலம் லேடீஸ் சீட். கம்பி வேலி ஓரம் நின்றால், ஏறி வந்த பாதை கீழே நூலைச் சுருட்டிப் போட்டது போலக் கிடக்கிறது. சேலத்தில் ஒவ்வொரு விளக்காக ஏற ஆரம்பித்திருந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு எங்கே இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்தத் தூரத்தில் எதுவும் தெரியாது என்று தெரிந்தும்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று திரும்பினேன். தாளில் மிளகாய் பஜ்ஜியோடு அவள்.

“தப்பிச்சீங்க” என்றாள்.