டிராக்டர் பாட்டரியைப் பேணும் முறை

மழை பெய்து நிலம் உழவுக்குப் பதமாயிருக்கும் வேளையில் டிராக்டர் கிளம்ப மறுப்பதுண்டு. பாட்டரி கெட்டதென்று கருதிப் பலர் புதியது வாங்க முனைகின்றனர். பல வேளைகளில் குற்றம் பாட்டரியினுடையதன்று. அதன் முனைகளில் வெண்மையாகவும் நீலமாகவும் பூத்த உப்பே காரணமாகும். கந்தக அமில ஆவி உலோகத்தை அரிப்பதால் தோன்றும் இவ்வுப்பு மின்சாரம் பாய்வதைத் தடுக்கிறது.

இதனை நீக்குதல் எளிது. எஞ்சினை நிறுத்தி, முதலில் எதிர்முனைக் கம்பியையும் பின்னர் நேர்முனைக் கம்பியையும் கழற்ற வேண்டும். ஒரு குவளை வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து, பழைய பிரஷால் தேய்த்துக் கழுவி, ஈரமின்றித் துடைக்க வேண்டும். சோடா அமிலத்தை முறிக்கும். ஆதலின் அது பாட்டரிக்குள் இறங்காதவாறு மூடிகளை முன்னரே இறுக்குதல் அவசியம். மீண்டும் பூட்டுகையில் நேர்முனையே முதலாவது. பூட்டியபின் வாசலின் தடவினால் உப்பு எளிதில் பூக்காது.

பாட்டரியினின்று வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். அருகில் பீடி பற்றவைத்தல் கூடாது. கால்மணி நேர உழைப்பு, பருவம் தவறாமல் உழவைக் காக்கும்.