குடியிருப்பவர் வாங்கும் பொது வீட்டுக்கு விலை குறிப்பது எப்படி?

பொதுமக்களுக்குச் சொந்தமான ஒரு வீட்டை, அதில் நெடுநாள் வாடகைக்கு இருந்தவருக்கே விற்பதென்றால் என்ன விலை குறிப்பது? விலை மிகுந்தால் எளிய குடும்பத்தால் வாங்க இயலாது. குறைந்தால் ஊராரின் சொத்துக்கு நஷ்டம். இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்து நாட்டுச் சட்டம் வகுத்துள்ள முறை, பொதுச் சொத்தைப் பொறுப்பேற்று நடத்தும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறியத் தக்கதாகும்.

அந்நாட்டில் 'கவுன்சில்' எனப்படும் ஸ்தல ஸ்தாபனங்கள், நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் வீடுகள் கட்டிக் குறைந்த வாடகைக்கு விட்டுவந்தன. 1980 ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், அவ்வீடுகளில் குடியிருப்போர் விரும்பினால் அவற்றை வாங்கிக்கொள்ளும் உரிமையை அளித்தது. அது முதல் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் இவ்வாறு கைமாறியுள்ளன. ஸ்காட்லாந்தில் 2016 ஆம் ஆண்டிலும், வேல்ஸில் 2019 ஆம் ஆண்டிலும் இவ்வுரிமை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

மதிப்பின் அடிப்படை

விலை குறிக்கும் விதிகள் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடங்கியுள்ளன. விற்க மனமுள்ள ஒருவர் அவ்வீட்டை வெளிச் சந்தையில் விற்றால் என்ன விலை கிடைக்குமோ அதுவே மதிப்பு. அவ்வாறு கணிக்கும்போது, வீடு காலியாக இருப்பதாகவே கொள்ள வேண்டும். ஆள் குடியிருக்கும் வீட்டைப் பிறர் குறைந்த விலைக்கே கேட்பர். அந்தக் குறைவை இங்கே கணக்கில் சேர்ப்பதில்லை. அவ்வாறே, குடியிருப்பவரும் உடனுறையும் குடும்பத்தாரும் அவ்வீட்டை வாங்க விரும்பாதவர்கள் எனக் கொள்ள வேண்டும். பழகிய வீட்டின் மீதுள்ள பற்றைக் காரணமாக்கி அவரிடம் அதிக விலை கேட்கலாகாது என்பதே இதன் கருத்து.

எந்த நாளின் விலை என்பதும் திட்டமாகக் கூறப்பட்டுள்ளது. குடியிருப்பவர் தம் விருப்பத்தை எழுத்து மூலம் கவுன்சிலுக்குத் தெரிவித்த நாளின் விலையே விலை. காகிதங்கள் அலுவலகத்தில் தங்கிக் காலம் கடந்து, அதற்குள் சந்தை விலை ஏறிவிட்டாலும், அந்த ஏற்றம் அவர் தலையில் விழாது.

சொந்த உழைப்புக்கு விலை இல்லை

இவ்விதிகளுள் மிகவும் போற்றத்தக்கது ஒன்று உண்டு. குடியிருப்பவர் தம் செலவில் செய்த அபிவிருத்திகளால் வீட்டின் மதிப்பு எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவும் விலக்கப்பட வேண்டும். இல்லையேல், தாம் எடுத்த அறைக்கே அவர் மீண்டும் ஒருமுறை பணம் கொடுக்க நேரும். இங்கே கவனிக்க வேண்டியது, செலவு வேறு, உயர்ந்த மதிப்பு வேறு என்பதாகும். 12,000 பவுன் செலவிட்டு அமைத்த சமையலறை, வீட்டின் விலையை 8,000 பவுன் மட்டுமே உயர்த்தியிருக்கலாம். அவ்வாறாயின் 8,000 பவுனே விலக்கப்படும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. உட்புறத்தைப் பேணும் பொறுப்பைக் குடியிருப்பவர் தவறவிட்டதால் வீடு சீர்கெட்டிருந்தால், அக்குறையைக் காட்டி அவர் விலைக் குறைப்புக் கேட்க முடியாது. ஆனால் கவுன்சில் பழுது பார்க்காமல் விட்ட கூரை ஒழுகினால், அந்நிலையிலேயே வீடு மதிப்பிடப்படும்.

ஓர் உதாரணம்

ஒரு வீடு இன்றுள்ள நிலையில் 2,10,000 பவுன் பெறுவதாக வைத்துக்கொள்வோம். அதில் குடியிருப்பவர் எடுத்த அறையினால் உயர்ந்த மதிப்பு 30,000 பவுன். அதை நீக்கினால் மதிப்பு 1,80,000 பவுன். குடியிருந்த ஆண்டுகளுக்கேற்ப இதில் தள்ளுபடி உண்டு. எனினும் அதற்கு உச்சவரம்பும் உண்டு. 2024 நவம்பர் 21 முதல் அவ்வரம்பு பகுதிக்குத் தக்கவாறு 16,000 முதல் 38,000 பவுன் வரை எனக் குறைக்கப்பட்டது. வரம்பு 30,000 பவுனாக உள்ள பகுதியில், முழு வரம்புக்கும் தகுதியுள்ளவர் செலுத்த வேண்டியது 1,50,000 பவுன்.

வாங்கிய 5 ஆண்டுகளுக்குள் வீட்டை விற்பவர் தள்ளுபடியைத் திருப்பித் தர வேண்டும். முதல் ஆண்டில் விற்றால் முழுவதும் திருப்ப வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். வாங்கியதும் விற்று லாபம் காண எண்ணுவோரைத் தடுக்கவே இவ்விதி.

தகராறு எழுந்தால்

முதலில் விலை குறிப்பது கவுன்சில். விற்பவரே விலையும் குறிப்பதால் ஐயம் எழுதல் இயல்பே. ஆகவே, குடியிருப்பவர் அவ்விலையை ஏற்காவிடில், அறிவிப்புக் கிடைத்த 3 மாதங்களுக்குள் மாவட்ட மதிப்பீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். இவர் அரசாங்க வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். கவுன்சிலின் ஊழியர் அல்லர். 4 வாரங்களுக்குள் இரு தரப்பாரும் தத்தம் வாதங்களை அவருக்கு எழுதலாம். ஒன்றை மறக்கலாகாது: அவர் விலையைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். கூடிய விலை கட்டாதெனில், கிரயம் முடியுமுன் குடியிருப்பவர் விலகிக்கொள்ளலாம்.

பஞ்சாயத்து அறிய வேண்டியது

விலை நியாயமானதாக இருந்தும், விற்ற வீட்டுக்கு ஈடாக மறு வீடு எழும்பாவிடில், வாடகை வீட்டுக்குக் காத்திருக்கும் ஏழைக்கு அதனால் பயனில்லை. 1989 ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு விற்பனைத் தொகையில் 75 சதவீதத்தைக் கடன் தீர்ப்பதற்கென ஒதுக்கி வைக்குமாறு கவுன்சில்களைப் பணித்தது. விற்ற அளவுக்கு மறு வீடுகள் கட்டப்படாமற் போனதற்கு இத்தகைய கட்டுப்பாடுகளும் காரணமாயின.

ஆகவே பொதுச் சொத்து எதையும் விற்க முற்படுமுன் நான்கு கேள்விகளுக்குத் தீர்மானத்திலேயே விடை எழுதி வைத்தல் நலம். எந்த நாளின் விலை? அம்மதிப்பில் எவருடைய உழைப்பு எவ்வளவு? தகராறு வந்தால் தீர்ப்பவர் யார்? வரும் பணம் எதற்குப் பயன்படும்? இவற்றுக்கு முன்னரே விடை கண்ட மன்றத்தில், வாங்குபவருக்கும் மனக்குறை இராது. ஊராருக்கும் நஷ்டம் நேராது.