மணற்குன்று வண்டுகளின் தகவமைப்பு: பாகிசோமா பேரினத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
நமீபுப் பாலையில் வாழும் பாகிசோமா என்னும் சாண வண்டுப் பேரினம் உணவு, நடை, உடலமைப்பு ஆகிய மூன்றிலும் மணலுக்கேற்ப மாறியுள்ளது. அம்மாற்றங்களே அதனை அம்மணலோடு பிணைத்துள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சாண வண்டு, மணற்குன்று, தகவமைப்பு, நமீபு.

முன்னுரை
ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளி போன்ற செம்மண் நிலங்களில் சாண வண்டுக்கு ஈரச் சாணமும் குழி தோண்ட உறுதியான மண்ணும் கிடைக்கின்றன. உருண்டை உருட்டும் வண்டு, தலையைத் தாழ்த்திப் பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளிப் பின்னோக்கிச் செல்கிறது. உரிய இடத்தை அடைந்த பின்னரே குழி தோண்டுகிறது. ஈரமும் உறுதியும் இல்லாத மணற்குன்றில் இவ்வழக்கம் எவ்வாறு மாறுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

உணவும் வளையும்
பாகிசோமாவின் 13 சிற்றினங்கள் கேப்டவுன் முதல் வால்விஸ் விரிகுடா வரையுள்ள கடலோர மணற்பகுதிகளில் வாழ்கின்றன. இவ்வண்டு முதலில் வளையைத் தோண்டுகிறது. பின்னரே உணவு தேடுகிறது. உலர்ந்த புழுக்கைகளையும் தாவரத் துகள்களையும் பின்னங்கால்களால் பற்றி, முன்னோக்கி நடந்தே இழுத்து வருகிறது. பலமுறை சென்று சேர்த்தவற்றை மணலின் ஈர அடுக்கில் புதைக்கிறது. பிற சாண வண்டுகள் ஈரச் சாணத்தின் நுண்துகள்களை வடித்து உண்ண, இதன் வாயுறுப்புகளோ உலர்ந்த நார்ப்பொருளை அரைத்து உண்ண உதவுகின்றன.

நடையும் வழியறிதலும்
உணவு தேடி வளைந்து வளைந்து செல்லும் வண்டு, கிடைத்ததும் ஏறத்தாழ நேர்கோட்டில் வளைக்குத் திரும்புகிறது. ஆறுகாற் பூச்சிகள் பொதுவாக மும்மூன்று கால்களை மாற்றி மாற்றி ஊன்றி நடக்கும். இப்பேரினத்தின் சில சிற்றினங்களோ முன்னிணைக் கால்களை ஒருசேரவும், நடுவிணைக் கால்களை ஒருசேரவும் வீசிப் பாய்ச்சல் நடை நடக்கின்றன. இது 2013இல் வெளியிடப்பட்டது. இந்நடையால் வேகம் கூடுவதில்லை. கடந்த தொலைவை அளக்க இது துணைபுரியலாம் எனக் கருதப்படுகிறது.

சிறகிழப்பு
இவ்வண்டுகள் பறப்பதில்லை. கடினமான முன்சிறகுகளுக்கு அடியிலுள்ள மூடிய வெளியில் வயிற்றுப் பகுதியின் மூச்சுத்துளைகள் திறப்பதால், உடல்நீர் ஆவியாவது குறைகிறது.

முடிவுரை
மேய்ச்சல் நிலம் தொழிற்பேட்டையாக மாறும்போது, சிறகுள்ள சாண வண்டு பறந்து வேறிடம் தேட வாய்ப்புண்டு. பாகிசோமாவுக்கு அவ்வாய்ப்பு இல்லை. தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில் வைரச் சுரங்கப் பணிகள் மணற்பரப்பைப் புரட்டுகின்றன. ஆகவே, இவ்வண்டைக் காப்பது என்பது அது வாழும் மணற்குன்றைக் காப்பதே ஆகும்.